இடுப்பில் துப்பாக்கி, கையில் ஓ.பி. சீட்டு

கைத்துப்பாக்கிக்கு முறையாக உரிமம் வாங்கியிருக்கிறீர்கள். உறவினர் ஒருவரைத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகத் தகவல் வருகிறது. துப்பாக்கியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டே போய் அவரைப் பார்த்துவிட்டு வரலாமா?

கூடாது. பதில் மட்டும் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் கூடாது என்ற கதையில் உரிமம் வைத்திருப்பவர்களுக்கே தெரியாத சங்கதிகள் சில உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போவது பற்றி இணையத்தில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கச் செய்தி. அங்கே ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. மறைத்து எடுத்துச் செல்வதற்குப் பல மாநிலங்கள் தனி அனுமதிச் சீட்டே தருகின்றன. இங்கே அப்படி ஒரு உரிமை கிடையாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி என்பது அரசு பார்த்துக் கொடுக்கும் அனுமதி. மாவட்டங்களில் ஆட்சியரும், பெருநகரங்களில் காவல் ஆணையரும் அதைத் தருகிறார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த உரிமம் வைத்திருப்பவர்களே குறைவு. 2016 முடிவு நிலவரம் பற்றி உள்துறை அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 12.77 லட்சம் உரிமங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் சுமார் 22,500. நம்மில் பலர் துப்பாக்கியை அருகில் பார்ப்பது ஏ.டி.எம்.மில் பணம் நிரப்ப வரும் வண்டிக் காவலாளியின் தோளில்தான். ஆனால் திருவண்ணாமலை வேறு மாதிரி ஊர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அதில் ரியல் எஸ்டேட்காரர், கல்குவாரி அதிபர், கூட ஒரு ‘கன்மேன்’ என்று எல்லோரும் உண்டு. வடமேற்கே ஜவ்வாது மலையில் உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இன்னமும் பிடிபடுகின்றன. இந்த இரண்டு வகைக் கூட்டமும் உடம்புக்கு முடியாவிட்டால் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்.

இப்போது சட்டத்தில் உள்ள வேடிக்கைக்கு வருவோம். மறைத்து வைத்திருந்ததுதான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய விதி சொல்வது நேர்மாறு. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் சென்றால் அது உறையிலோ பையிலோ இருக்க வேண்டும்; வெளியே தெரியாமல் முழுக்க மூடியிருக்க வேண்டும்; அவருடைய கட்டுப்பாட்டைவிட்டு விலகக் கூடாது. வெளியே எடுத்துக் காட்டி மிரட்டுவதும் சுழற்றுவதும்தான் தடை. ஆகவே மறைத்துக் கொண்டுவந்தாரா என்பது இங்கே கேள்வியே இல்லை. இந்த இடத்துக்குக் கொண்டுவர அவருக்கு அனுமதி உண்டா என்பதே கேள்வி.

அதற்கான பதில் உரிமப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் அச்சிட்ட நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கும், கல்வி நிறுவன வளாகத்துக்குள்ளும் மாவட்ட ஆட்சியரின் தனி அனுமதி இல்லாமல் ஆயுதத்தைக் கொண்டு போகக் கூடாது என்கிறது ஒரு நிபந்தனை. திருவண்ணாமலைக்காரர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். கார்த்திகை தீபம் திருவிழா. மாட வீதியில் பஞ்சமூர்த்திகள் வருவது சமய ஊர்வலம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவில் நடக்கும் கூட்டத்தைப் பொதுக்கூட்டமல்ல என்று எந்த வக்கீலாலும் வாதாட முடியாது. பாதையோரம் போட்டிருக்கும் மருத்துவ முகாமுக்குத் தலைசுற்றல் மாத்திரை வாங்கப் போனாலும் இதே கதைதான்.

மருத்துவமனை என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு வாதாட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்பது மாணவர்கள் படிக்கும் இடம். வார்டில் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ரவுண்ட்ஸ் வரும் பிள்ளைகளில் பலர் அந்தக் கல்லூரி மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள். கல்லூரி வளாகம் என்ற முறையில் அந்த நிபந்தனை இங்கேயும் பொருந்தும் என்று போலீஸ் எடுத்துக்கொண்டால் மறுத்துப் பேசுவது கடினம். தனியார் மருத்துவமனை என்றால் இன்னும் எளிது. அது அவர்களுடைய இடம். துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று சொல்ல அவர்களுக்கு முழு அதிகாரம் உண்டு. சொன்ன பிறகும் நின்றால் அத்துமீறல்.

வெளிமாநிலத்துக்காரர்களுக்கு இதற்கும் முந்தைய சிக்கல் ஒன்று இருக்கிறது. எந்தப் பகுதி வரை செல்லும் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். சித்தூர் மாவட்டத்தோடு நிற்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு போளூர் ரோட்டில் வந்தால், மருத்துவமனை வாசலை எட்டும் முன்பே மீறல் நடந்துவிட்டது. வயல்காட்டுப் பன்றிக்காகப் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் வாங்கியவருக்கும் அப்படித்தான். அது நிலத்துக்காகக் கொடுத்தது.

மாட்டினால் என்ன ஆகும்? உரிமத்தைக் காட்டு என்று கேட்க எந்தப் போலீஸ் அதிகாரிக்கும் ஆயுதச் சட்டத்தின் 19-வது பிரிவு அதிகாரம் தருகிறது. உரிமம் இருந்து நிபந்தனையை மீறியிருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகை சிறியதுதான். உரிமமே ரத்தாகலாம் என்பதுதான் உரிமதாரருக்கு வலிக்கும் இடம். உரிமமே இல்லாவிட்டால் கதை வேறு: 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. அப்பா பெயரில் உள்ள துப்பாக்கியை மகன் இடுப்பில் செருகிக்கொண்டு வருவதும் இதில்தான் சேரும். பழுது பார்க்க, உரிமம் புதுப்பிக்க, அல்லது உரிமதாரரே பயன்படுத்துவதற்காக என்று சில காரணங்களுக்கு மட்டும், அவர் கூடவே இருக்கும்போதோ அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதியோடோ இன்னொருவர் எடுத்துச் செல்லலாம். அவ்வளவுதான் விலக்கு.

அப்படியானால் வாசலில் உள்ள செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகலாமே என்பார்கள். செருப்பைக் கழற்றி விடுகிற மாதிரி நடக்கிற காரியமில்லை இது. அந்தக் காவலாளிக்கு உரிமம் கிடையாது. உங்கள் துப்பாக்கியை வாங்கி மேசை டிராயரில் வைத்த மறுநொடி அவர்மேல் வழக்குப் போட முடியும். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் மனிதரை அந்த நிலையில் தள்ளாதீர்கள்.

சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாலும், மருத்துவமனையில் துப்பாக்கியைத் தானாகவே வெடிக்கவைக்கும் அறை ஒன்று இருக்கிறது. எம்.ஆர்.ஐ. அறை.

2023 ஜனவரியில் பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரத்தில் ஒரு வழக்கறிஞர் தன் தாயை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். உலோகப் பொருள்கள் எதுவும் இருக்கக் கூடாது என்று இருவரிடமும் சொல்லியிருந்தார்கள். அவர் இடுப்பில் இருந்த கைத்துப்பாக்கியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அறைக்குள் போனதும் காந்தம் அதை உருவி இழுத்தது. துப்பாக்கி வெடித்துக் குண்டு அவர் வயிற்றில் பாய்ந்தது. சில வாரம் சிகிச்சையில் இருந்து இறந்துபோனார். அவரிடம் துப்பாக்கிக்கு உரிமம் இருந்தது.

இது எப்படி நடக்கிறது? பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. ஸ்கேன் எடுக்கும்போது மட்டும்தான் காந்தம் இயங்கும் என்று நினைப்பது தப்பு. திரவ ஹீலியத்தில் குளிர்ந்து கிடக்கும் அந்தச் சுருள் இரவும் பகலும், யாரும் படுக்காத நேரத்திலும் காந்தமாகவே இருக்கும். கிட்டப் போகப் போக இழுவை சட்டென்று ஏறும். கையால் பிடித்து நிறுத்த முடியாது. எஃகுத் துப்பாக்கி பறந்து போய் ஒட்டும்போது உள்ளே இருக்கும் சிறு எஃகுப் பாகங்களும் தம் இடத்தைவிட்டு இழுபடும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டில், பணியில் இல்லாத ஒரு போலீஸ்காரரின் பிஸ்டல் இப்படி இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு வெடித்தது. பாதுகாப்புப் பூட்டு போட்டுத்தான் வைத்திருந்தார். பூட்டு காந்தத்துக்குக் கட்டுப்படவில்லை. யாருக்கும் அடிபடவில்லை, குண்டு சுவரில் பாய்ந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2017 ஜூனில் லக்னோவின் ராம் மனோகர் லோகியா மருத்துவ நிறுவனத்துக்கு உத்தரப் பிரதேச அமைச்சர் ஒருவர் ஸ்கேனுக்குப் போனார். கூடவே உள்ளே நுழைந்த பாதுகாவலரின் பிஸ்டலை இயந்திரம் இழுத்து ஒட்டிக்கொண்டது. இயந்திரம் நின்றுபோய், காத்திருந்த நோயாளிகள் தவித்ததுதான் மிச்சம். அடுத்த ஆண்டு ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய் உயிரையே விட்டார். பணி நிமித்தமாக மருத்துவமனைக்கு வரும் அரசு மெய்க்காவலர்களுக்கும், கைதிகளைச் சிகிச்சைக்குக் கூட்டி வரும் ஆயுதப் போலீசுக்கும் சட்டத்தில் விலக்கு உண்டு. காந்தம் யாருக்கும் விலக்குத் தருவதில்லை.

சரி, துப்பாக்கி வைத்திருப்பவருக்கு வழியில் நெஞ்சுவலி வந்துவிட்டது, வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வர நேரமில்லை. அப்போது தயங்காமல் கேஷுவாலிட்டிக்கு வாருங்கள். வந்ததும் முதல் வேலையாக, கையை இடுப்புக்குக் கொண்டு போகாமல், என்னிடம் உரிமத்தோடு துப்பாக்கி இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். ஊழியர் யாரும் அதைத் தொட வேண்டாம்; தோட்டாவைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். பெரிய அரசு மருத்துவமனைகளில் புறக்காவல் நிலையம் இருக்கும். அங்கிருந்து ஆள் வந்து ரசீது எழுதி வாங்கிக்கொள்வதுதான் முறை. தனியார் மருத்துவமனை என்றால் பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ 100, 112 எண்களுக்கோ சொல்ல வேண்டும். நோயாளி மயக்கத்தில் வந்து, சட்டையைக் கழற்றும்போது துப்பாக்கி தெரிந்தாலும் இதே வழிதான்.

மலைக்காட்டில் நாட்டுத் துப்பாக்கி வெடித்துக் காயம் பட்டவரை ஜமுனாமரத்தூர் பக்கமிருந்து தூக்கி வரும்போது உறவினர்கள் வழியிலேயே பொய்க் கதை கட்டுவார்கள்: பட்டாசு வெடித்தது, கல் தெறித்தது. வேண்டாம். போலீஸ் வழக்கு என்பதற்காக முதல் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் ஏ.ஆர். என்ட்ரி போடுவார், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அது அவர் கடமை. பொய் சொன்னால், எந்தச் சில்லு எந்தத் திசையில் போயிருக்கும் என்று தெரியாமல் மருத்துவர் தேடும் நேரம் காயம்பட்டவருடைய நேரம். துப்பாக்கியை மட்டும் மருத்துவமனைக்குக் கொண்டுவராதீர்கள். வீட்டில் பழைய நாட்டுத் துப்பாக்கி கிடந்தால் அதை ஒப்படைக்கும் இடம் காவல் நிலையம். தாமாக வந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று மலையோர மாவட்டங்களில் போலீஸ் அவ்வப்போது அறிவிக்கிறது. அந்த நாட்களைத் தவறவிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பாதுகாப்புக்காகத்தான் கொண்டு வருகிறேன் என்பவர்களின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் ஒரு புற்றுநோய் மருத்துவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். 2025 ஜூலையில் பாட்னாவில் ஒரு தனியார் மருத்துவமனை அறைக்குள் துப்பாக்கிகளோடு நுழைந்து படுக்கையில் இருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் இரும்புக் கட்டில்களும் ஆக்சிஜன் குழாய்களும் நோயாளிகளும் நெருக்கியடித்திருக்கும் வார்டில் இன்னொருவர் துப்பாக்கி எடுத்தால் யார்மேல் படும் என்று யாராலும் சொல்ல முடியாது. மருத்துவமனையில் வன்முறை செய்பவருக்கு மூன்று முதல் பத்தாண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அது ஜாமீனில் விட முடியாத குற்றம். மிரட்டல் இருந்தால் அதைச் சொல்லிப் போலீஸ் பாதுகாப்புக் கேளுங்கள்.

ஸ்கேன் மையம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நகை, வாட்ச், செல்போன், பேஸ்மேக்கர் என்று கேட்கும் உங்கள் படிவத்தில் ‘துப்பாக்கி, தோட்டா, கத்தி’ என்று தமிழிலும் தெலுங்கிலும் இன்னொரு வரி சேருங்கள். உடன் வருபவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள்.