எஃகின் ஆயுளும் ரப்பரின் ஆயுளும்

பத்து மீட்டர் தூரத்திலிருந்து, 11.5 மில்லிமீட்டர் விட்டமே உள்ள நடு வட்டத்தைக் குறிவைத்து நிற்கும் வீரரின் கையிலுள்ள காற்றுத் துப்பாக்கியைப் பார்க்கிறவர்கள், அதன் எஃகுக் குழலின் நேர்த்தியையும், உள்ளங்கைக்கு இசையச் செதுக்கிய மரப்பிடியையும் கண்டு, லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய இந்தச் சாதனம் ஒரு தலைமுறைக்கேனும் உழைக்கும் என்று நம்புவது சகஜம். அந்த நம்பிக்கை பாதி மெய். மற்றப் பாதியை நிர்ணயிப்பது எஃகு அல்ல. சில ரூபாய் பெறுமான ரப்பர் வளையங்களும், அவற்றைத் தடையின்றித் தருவதற்கு ஓர் ஆள் இருக்கிறானா என்பதுமே.

எஃகின் விஷயத்தில் கவலைக்கு அதிக இடமில்லை. காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. ஆகையால் குழலை அரிக்கும் வெப்பமும் கிடையாது. சுமார் அரை கிராம் எடையுள்ள 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, மிருதுவான உலோகமாதலால், குழலின் உட்புறத்தை அநேகமாகத் தேய்ப்பதே இல்லை. ஜெர்மனியின் ஓபர்ண்டார்ஃப் என்னும் சிற்றூரில், மௌசர் ஆலையில் முன்பு பணியாற்றிய பொறியியலாளர் இருவர் 1949-இல் தொடங்கிய ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் 1960-களில் வெளியிட்ட 65-ஆம் மாடல் துப்பாக்கிகளில் பல இன்றும் சங்கங்களில் உபயோகத்தில் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் காற்றை அடைத்து வைக்கும் பொறுப்பு எஃகுக்கு உரியதன்று. அக்காலத்து ஜெர்மானியத் துப்பாக்கிகள் சிலவற்றின் செயற்கைப் பொருளாலான அடைப்பான்கள், ஒரு குண்டுகூடச் சுடாமல் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தபோதே நாளடைவில் பொடிந்து உதிர்ந்துபோயின. இன்றைய துப்பாக்கிகளில் குழலுக்கடியில் பொருத்திய சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பப்படுகிறது. இரவு நிரம்பியிருந்த சிலிண்டரின் அழுத்தமானியின் முள் காலையில் கீழே இறங்கியிருந்தால், வாஷர் தேய்ந்த குழாய் சொட்டுவதைப் போல எங்கோ ஒரு வளையம் தளர்ந்துவிட்டது என்று அறியலாம். சிலிண்டரைத் திருகிக் கழற்றி, அதன் வாயிலுள்ள கறுப்பு வளையத்தை வெளிச்சத்தில் பார்த்தால், உருண்டையாயிருக்க வேண்டிய அது ஒரு பக்கம் தட்டையாகி, மெல்லிய வெடிப்புகள் ஓடியிருப்பது தெரியும். புது வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸைத் துளியளவு தடவுவதே முறை. சாதாரண எண்ணெயை இடுவது அபாயம், ஏனெனில் உயரழுத்தக் காற்றில் அது தீப்பற்றவும் கூடும்.

சிலிண்டருக்கும் ஆயுள் வரையறை உண்டு. தயாரிப்பாளர்கள் பலர் பத்து ஆண்டுகளை எல்லையாகக் குறிக்கின்றனர். அந்தத் தேதி கடவாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பே என்பது சர்வதேச விதி. துப்பாக்கி புதியதுபோல் மின்னினாலும், காலாவதியான சிலிண்டரோடு வருகிறவர் பரிசோதனை மேஜையிலேயே தடைபட நேரலாம்.

சிறு பாகம் பெரிய காரியத்தைக் கெடுக்கும் என்பதற்கு நம் நாட்டவரே கண்ட உதாரணம் ஒன்றுண்டு. 2021-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் வீராங்கனை மனு பாக்கர் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருக்கையில், குண்டிட்டபின் துப்பாக்கியைத் தயார் செய்யும் நெம்புகோல் முறிந்துவிட்டதென்று செய்தி வெளியாயிற்று. பழுது நீக்குவதில் பல நிமிஷங்கள் கழிந்தன. கூடுதல் அவகாசமும் கிடைக்கவில்லை. எஞ்சிய நேரத்துக்குள் அவசரமாகச் சுட்டு முடித்த அவர் 575 புள்ளிகளுடன் 12-ஆம் இடம் பெற்று, இரண்டே புள்ளிகளில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே பந்தயத்தில் வெண்கலம் வென்றார் என்பது நாடறிந்த செய்தி.

இனி, பாகங்கள் கிடைக்கும் மார்க்கம். இந்தத் தரத்துத் துப்பாக்கிகளைச் செய்வோர் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்ஸர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஸ்விட்ஸர்லாந்தின் லென்ஸ்பர்க் நகரில் புகழ் பெற்று விளங்கிய ஹெம்மர்லி 2006-இல் ஜெர்மனியின் வால்தர் வசமாயிற்று. ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையிலிருந்து வந்த 46-எம் காற்றுத் துப்பாக்கி, கைநெம்பை ஒருமுறை இழுத்து மூடினால் காற்றடைத்துக்கொள்ளும் எளிய, மலிவான, உறுதியான சாதனம். 2014-இல் அமெரிக்கா விதித்த பொருளாதாரத் தடைக்குப் பின் அந்நாட்டு வீரர்களுக்கு அதன் புதுவரத்து அற்றுப்போக, உரியவர்கள் உதிரி பாகங்களுக்குப் பழைய இருப்பையும் சிறு பட்டறைகளையும் நாட வேண்டியதாயிற்று. துப்பாக்கியில் குற்றமில்லை, அதற்குப் பின்னாலிருந்த கடைதான் மூடிக்கொண்டது. இந்தியாவில் தோட்டா வகைத் துப்பாக்கிகளுக்கு வேறொரு சிரமமும் உண்டு: 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதமாகவே பாவிப்பதால், ஒரு சிறு உறுப்பை வரவழைப்பதும் அனுமதிக்கு உட்பட்ட காரியமாகிவிடுகிறது.

ஆகையால் பழைய துப்பாக்கியானாலும் புதியதானாலும், வாங்கப் புகுவோர் முதலில் விசாரிக்க வேண்டியது எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அன்று; அதன் அடைப்பான்களையும் ஸ்பிரிங்குகளையும் இன்றைக்கு யார் விற்கிறார், எத்தனை வாரத்தில் அனுப்புகிறார், சிலிண்டரில் பொறித்த தேதி யாது என்பனவற்றையே. ஒரு தொகுதி வளையங்கள், ஒரு நெம்புகோல், மின்சாரத்தால் இயங்கும் சுடுவிசை உள்ளதாயின் மாற்று பாட்டரி, இன்னொரு சிலிண்டர் ஆகியவற்றைத் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கிவிடுபவர், கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தாலும், பிறகு ஒரு சில்லறை வளையத்துக்காக ஒரு பந்தயப் பருவத்தையே இழக்க வேண்டியதில்லை.