மகஜர் கொடுத்து என்ன கண்டோம்? – வலிகாமம் வடக்கு தரும் பாடங்கள்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடும் இடங்களில் அடிக்கடி எழுகின்ற கேள்வி இது. கிராம சேவையாளருக்கு ஒரு மகஜர், பிரதேச செயலாளருக்கு ஒரு மகஜர், அரசாங்க அதிபருக்கு, அமைச்சருக்கு, சனாதிபதிக்கு என்று எத்தனையோ மகஜர்கள் எழுதிக் கொடுத்தாயிற்று. வந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள், படமும் எடுத்தார்கள், போய்விட்டார்கள். காணி மட்டும் முட்கம்பிக்கு அப்பால் கிடந்தது. இந்தச் சலிப்பு நியாயமானது. ஆனால் மகஜரால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டுமுன், எமது குடாநாட்டில் நடந்ததை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்ப்பது பயன்தரும்.

1990இல் தொடங்கிய பாதை

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, தையிட்டி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி, வறுத்தலைவிளான் முதலிய ஊர்களின் மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். சில நாட்களில் திரும்பலாம் என்ற எண்ணத்திலேயே பலர் கதவைப் பூட்டினர். ஆனால் அவர்களது ஊர்கள் பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயின. நல்ல செம்மண் தோட்டங்களும், மயிலிட்டி போன்ற மீன்பிடித் துறைகளும், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அதற்குள் அகப்பட்டன. வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் செய்த கமக்காரர் பிறர் காணியிற் கூலிக்கு நின்றனர். மல்லாகம் கோணப்புலம் போன்ற முகாம்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது.

2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதும் ஊர் திரும்பும் நம்பிக்கை மக்களுக்கு வந்தது. ஆயினும் வலயம் திறக்கப்படவில்லை. 2003இல் பாராளுமன்ற உறுப்பினர் மாவை சேனாதிராசா இவ்விடயத்தை அடிப்படை உரிமை வழக்காக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றார். அவரும் மாவிட்டபுரத்தைச் சேர்ந்தவர். தம் ஊரை இழந்தவர்களில் ஒருவர். அதுவரை கச்சேரி வாசலில் நின்ற கோரிக்கை, அவ்வழக்கினால் சட்டத்தின் மொழியிற் பேசத் தொடங்கியது.

மரத்தில் ஒட்டிய அறிவித்தல்

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கிலும் அதை அண்டிய பகுதிகளிலும் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல்கள் மரங்களிலும் கம்பங்களிலும் ஒட்டப்பட்டன. மொத்தம் 6,381 ஏக்கர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற எமது கணக்கில் இது ஒரு இலட்சம் பரப்புக்கு மேல். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காரணமும் கூறப்பட்டது. அந்த உரிமையாளர்களோ சில மைல் தொலைவில் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்தனர்.

மக்கள் தெல்லிப்பழையிலே திரண்டனர். அத்தோடு நின்றுவிடாமல், உறுதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்து, 2,000க்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுதாரர்களாயினர். காணிச் சொந்தக்காரர் இல்லை என்று சொன்ன இடத்தில் இரண்டாயிரம் பெயர்கள் காணி விபரத்தோடு வந்து நின்றன. கூட்டத்திற் கோஷமிடும் குரலைக் கேளாதவர் போல இருந்துவிடலாம். நீதிமன்றக் கோவையில் ஏறிய பெயரை அப்படித் தள்ளிவிட முடியாது.

வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 2015 சனவரியில் ஆட்சி மாறியது. அடுத்த மாதமே 1,000 ஏக்கரை விடுவிக்கும் தீர்மானம் அமைச்சரவையில் எடுக்கப்பட்டது. மார்ச்சில் வளலாயில் முதற் காணிகள் கையளிக்கப்பட்டன. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதியில் 54 ஏக்கரும், 2018 ஏப்ரலில் மேலும் 683 ஏக்கரும் மக்களிடம் வந்தன. இன்னும் ஒரு பகுதி விடுபடவில்லை. விடுபட்ட இடங்களிலும் வீடு இடிந்து, கிணறு தூர்ந்து, எல்லை வேலி அழிந்து கிடந்ததை நாம் அறிவோம்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காணி விடுபட்டதற்கு மகஜர் மட்டும் காரணமன்று. ஆட்சி மாற்றமும், வெளிநாடுகளின் அழுத்தமும், பத்திரிகைகளும் சேர்ந்தே கதவைத் திறந்தன. ஆனால் கதவு சற்றே திறந்த வேளையில், யாருடைய காணி, எத்தனை பரப்பு, எந்த ஊர் என்று எழுத்தில் எடுத்து நீட்டக்கூடியவர்களாக எம்மவர் இருந்தனர். காலம் கனியும் நாளை நாம் தீர்மானிக்க முடியாது. அந்த நாளுக்கு ஆயத்தமாய் இருப்பது எமது கையில் உள்ளது.

அயல் ஊர்களின் அனுபவம்

கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் 2017 சனவரி இறுதியில் விமானப்படை முகாம் வாசலில் அமர்ந்தனர். பெண்கள் குழந்தைகளோடு இரவும் பகலும் அங்கே இருந்தனர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவர்களது காணி கிடைத்தது. இரணைதீவு மக்களோ 2017 மே 1ஆம் திகதி போராட்டத்தை ஆரம்பித்து, ஏறக்குறைய ஓராண்டு பதில் பாராதிருந்தபின், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடிகளுடன் தம் படகுகளில் ஏறித் தம் தீவிலே போய் இறங்கினர். 1992இல் இழந்த மண் அது.

மிக அண்மைய உதாரணம் 2025ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு மார்ச் 28ஆம் திகதி 2430ஆம் இலக்க வர்த்தமானி வெளியானது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடமாகாணத்தில் 5,940 ஏக்கர் குறிக்கப்பட்டு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அது அரச காணியாகும் என்ற நிலை உருவானது. உறுதி தொலைத்தவர்களுக்கும் உரித்தாளர் வெளிநாட்டில் உள்ளவர்களுக்கும் மூன்று மாதம் எம்மாத்திரம்? மக்களும் சட்டத்தரணிகளும் பொது அமைப்புகளும் எதிர்ப்பை எழுத்தில் வைத்தனர். முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் உயர் நீதிமன்றம் சென்றார். யூன் இறுதியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெற்றது. தவணை முடியுமுன் பேசியதே இங்கு பலன் தந்தது.

உலகின் பிற பாகங்களிலும் இப்படித்தான். 1842இல் இங்கிலாந்தின் தொழிலாளர் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் வாக்குரிமை கேட்டுப் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தனர். பாராளுமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஆனால் அவர்கள் கேட்ட ஆறு கோரிக்கைகளில் ஐந்து காலப்போக்கிற் சட்டமாயின. முதல் மனுவில் ஒப்பமிட்ட பலர் அதைக் காண உயிரோடிருக்கவில்லை. எமது முகாம்களிலே கண்மூடிய பெரியோரை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

நல்ல மகஜர் எப்படி இருக்கும்?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். ஆனால் அலுவலகங்களில் அழுகை கோவையில் ஏறுவதில்லை. ஏறுவது விபரம்தான். ஆகவே பின்வருவனவற்றைக் கவனத்தில் எடுப்போம்.

முதலாவது, காணியை அடையாளப்படுத்துதல். எமது காணிகளுக்குப் பெயர் உண்டு. காணியின் பெயர், கிராம சேவையாளர் பிரிவு, பரப்பு, உறுதி இலக்கமும் திகதியும், உறுதி முடித்த நொத்தாரிசின் பெயர், நான்கு எல்லையிலும் உள்ளவர் யார் என்பன எழுதப்பட வேண்டும். கிணற்றிலே பங்கு, வாய்க்கால், ஒழுங்கை வழி ஆகியவற்றையும் விடக்கூடாது. தோட்டக்காரனுக்குக் கிணற்றுப் பங்கு இல்லாத காணி பாதிக் காணிதான்.

இரண்டாவது, உறுதி தொலைந்திருந்தால் மனந்தளர வேண்டாம். நொத்தாரிசு முடித்த உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. அங்கே விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். தாய் தகப்பன் பெயரில் உள்ள காணிக்குப் பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்களையும் சேர்த்து வைக்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள சகோதரர் அற்றோணித் தத்துவம் அனுப்பி வைப்பது நல்லது.

மூன்றாவது, பெண்களின் பெயர். தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணுக்குரியது. ஆனால் பட்டியல் எடுக்கும்போது வீட்டுத் தலைவர் என்று ஆணின் பெயரே எழுதப்படுவது வழக்கம். காணி யாருடையதோ அவரது பெயரும் ஒப்பமும் மகஜரில் இருத்தல் அவசியம்.

நான்காவது, ஒரு மகஜர், ஒரு கோரிக்கை. காணி, வீட்டுத்திட்டம், வீதி, பாடசாலை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால் ஒவ்வொரு அலுவலரும் மற்றவரைக் கைகாட்டுவார். அதிகாரம் யாரிடமோ அவருக்கே முகவரியிட்டு, செய்ய வேண்டியதைத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, பிரதியும் திகதியும். கையளித்ததற்கு அலுவலக முத்திரையிட்ட பிரதி ஒன்றை வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையேல் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், “எமது மகஜர் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?” என்று கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைக் கூற வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்ய வழியுண்டு.

தவணைகளை மறக்க வேண்டாம்

காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் காணி தேவைப்படலாம் என்று சொல்வது மட்டுமே. 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் காலம் 14 நாட்கள் அளவிற் குறுகியதாக இருக்கலாம். அவசரம் என்று காரணம் காட்டி 38ஆம் பிரிவின் கீழ் உடமையை முன்கூட்டியே எடுக்கவும் சட்டம் இடந்தருகிறது. எனவே அறிவித்தலைக் கண்டவர் அன்றே அயலாருக்குச் சொல்ல வேண்டும். திகதி தெரியப் படமும் எடுத்து வைக்க வேண்டும்.

அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்வதற்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாத காலமே தருகிறது. அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்திற் கணக்கிடப்படமாட்டாது. பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்குச் செல்ல விரும்புவோர் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் மனுவைச் சமர்ப்பிக்க வேண்டும்.

மகஜர் கொடுப்பதைச் சிலர் கையேந்துதல் என்று எண்ணி வெட்கப்படுகின்றனர். உறுதியோடு தன் காணியைக் கேட்பவர் எவரிடமும் பிச்சை கேட்கவில்லை. இடம்பெயர்ந்தோர் தம் சொத்தை மீளப்பெற உதவுவது அதிகாரிகளின் கடமை என்று ஐக்கிய நாடுகளின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகளும் கூறுகின்றன.

முகாமிற் பிறந்த பிள்ளைகளுக்குத் தம் தோட்டத்தின் பெயர் தெரியாது. கிணறு எந்த மூலையில் இருந்ததென்றும் தெரியாது. பாட்டன் பாட்டிமார் இருக்கும்போதே இந்தக் கிழமை ஒரு மாலையில் உட்கார்ந்து, ஒரு கொப்பியிற் காணியின் பெயரையும் எல்லைகளையும் எழுதி, மரமும் கிணறும் ஒழுங்கையும் காட்டி ஒரு படம் கீறி வையுங்கள். அடுத்த மகஜர் எழுத உட்காரும் பிள்ளைக்கு அதுவே முதல் ஆதாரமாகும்.