பெயரை மறையுங்கள், காரணத்தை அல்ல

சிம்பாங் அம்பாட்டில் ஒரு தாமான் வீட்டிலிருந்து சமூகநல இலாகா அதிகாரி ஒரு குழந்தையைப் பாதுகாப்புக்காக அழைத்துச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அக்குழந்தையைச் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். இருவரில் ஒருவர் பெண். பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

அது சரிதான். குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது 15ஆவது பிரிவு. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடிபட்ட பிள்ளையின் முகம் வாட்சாப்பில் ஊர் சுற்றும் காலத்தில் இந்தத் தண்டனை கடுமையானது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் குழந்தைக்காகப் போட்ட திரை, முடிவெடுத்தவர்களையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. ஏன் பிரித்தார்கள், ஏன் திருப்பி அனுப்பினார்கள், இல்லத்தில் ஏன் ஆண்டுக்கணக்கில் வைத்தார்கள்? அந்த முடிவு தவறாக இருந்தால் அது வெளியே தெரிய வழியே இல்லை.

இங்கிலாந்து இதற்குக் கொடுத்த விலை பெரிது. வோக்கிங் நகரில் ஸாரா ஷரீஃப் என்ற 10 வயதுச் சிறுமி 2023 ஆகஸ்டில் கொல்லப்பட்டாள். தந்தையும் சிற்றன்னையும் கொலைக் குற்றவாளிகள் என 2024 டிசம்பரில் தீர்ப்பானது. அவளை அந்த வீட்டில் வாழ அனுமதித்ததே குடும்ப நீதிமன்றம்தான். அவள் வழக்குகளை விசாரித்த நீதிபதிகளின் பெயரை வெளியிடக்கூடாது என்று ஒரு நீதிபதி தடை போட்டார். 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதே மாதம் 27ஆம் தேதி முதல், இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் குடும்ப நீதிமன்ற வழக்குகளை, குழந்தையின் அடையாளம் காட்டாமல், நீதிமன்ற ஆணையின்படி நிருபர்கள் எழுதலாம் என்றானது. 2023 முதல் லீட்ஸ், கார்டிஃப், கார்லைல் ஆகிய மூன்று இடங்களில் அதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள்.

நமக்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. நீதிமன்றம் ஏற்கும் பொறுப்புள்ள பிறரும் உள்ளே இருக்கலாம் என்று 12ஆவது பிரிவே சொல்கிறது. நிருபருக்கும் குழந்தை நல ஆய்வாளருக்கும் அந்த இடத்தைக் கொடுங்கள். பெயர்களை நீக்கி, தீர்ப்பின் காரணங்களை எழுத்தில் வெளியிடுங்கள். ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் அதிகாரம் நாட்டில் உள்ள மிகப் பெரிய அதிகாரங்களில் ஒன்று. அது கணக்குக் காட்டியே ஆகவேண்டும்.