மண்ணைக் காக்கும் மலைச்செடி: காட்டு பக்வீட்

பக்வீட் என்னும் தானியத்தை இமயமலைப் பிரதேசங்களில் குடியானவர்கள் பயிரிடுகின்றனர். வட இந்தியாவில் அதனைக் குட்டு என்பர். விரத நாட்களில் அதன் மாவை உபயோகிப்பதுமுண்டு. அதே பெயரைக் கொண்ட காட்டுச்செடி வர்க்கமொன்று வட அமெரிக்காவில் உளது. தாவர சாஸ்திரிகள் அதற்கு எரியோகோனம் என்று பெயரிட்டுள்ளனர். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும், பின்னது தானியப் பயிரன்று. இவ்வர்க்கத்தின் சுமார் 250 ஜாதிகளுள், மலைச்சரிவுகளில் தாழப் படரும் கந்தகப்பூ பக்வீட்டைப் பற்றி இங்கே கூறுவோம்.

செடியின் தோற்றம்

1827-ல் ஜான் டாரி என்பவர் இதனை முதன்முதலாக விவரித்தார். கலிபோர்னியாவின் சியரா நெவாடா முதலிய மேற்கத்திய மலைகளில் இது இயற்கையாக வளர்கிறது. உயரம் பெரும்பாலும் ஓரடிக்கு மேற்படாது. இலைகள் சிறியவை, அவற்றின் அடிப்புறத்தில் வெண்ணிறப் பஞ்சு போன்ற ரோமம் படிந்திருக்கும். கோடையில் கந்தக நிறப் பூங்கொத்துக்கள் தோன்றும். வண்ணத்துப்பூச்சிகளும் தேனீக்களும் அவற்றை நாடி வரும். மரத்தன்மை வாய்ந்த ஆணிவேர் ஆழமாய் இறங்கும். கிளைகள் தரையோடு பாய்போல் படர்வதால் காற்றும் மழைத்துளியும் மண்ணை நேரே தாக்குவதில்லை.

தாஹோ ஏரியின் அனுபவம்

இதன் அருமையை அறிய, சியரா மலையிலுள்ள தாஹோ ஏரியைப் பார்த்தல் நலம். அங்குள்ள மண்ணிற் பெரும்பகுதி கருங்கல் சிதைந்து உண்டான பருமணல், பற்றுதலற்றது. 1859-ல் அருகிலுள்ள நெவாடாவில் வெள்ளிச் சுரங்கங்கள் தோன்றவே, அவற்றுக்கு முட்டுக்கொடுக்க ஏரியைச் சூழ்ந்த காடுகள் வெட்டப்பட்டன. பின்னர்ச் சாலைகளும் வீடுகளும் பெருகின. சரிவுகளிலிருந்து நுண்மண் ஏரியிற் சேரலாயிற்று. 1968-ல் சராசரியாக ஏறக்குறைய 31 மீட்டர் ஆழம் வரை தெளிவாகத் தெரிந்த நீர், 2017-ல் சுமார் 18 மீட்டர் ஆழமே தெரிந்தது.

வெறுமையான சரிவுகளை மூடுவதற்குப் புல்லை மட்டும் நம்பினால், நீரும் உரமும் இடைவிடாது வேண்டியிருக்கும். அவ்வுரம் மழையோடு ஏரியிற் கலந்து பாசியை வளர்க்கும். ஆகவே, உரமின்றியும் வறட்சியிலும் பிழைக்கும் சுதேசச் செடிகளை அங்கு நடுகின்றனர். அவற்றுள் இக்காட்டு பக்வீட்டும் ஒன்று.

வளர்க்கும் முறை

விதை முளைப்பதற்கு ஈரமும் குளிரும் சேர்ந்து சில வாரங்கள் வேண்டும். ஆதலால் பனிக்காலத்துக்கு முன்பே விதைப்பர். நீர் தேங்கும் களிமண் இதற்கு ஆகாது. வளர்ச்சி மெதுவானது, எனவே, செடி படரும் வரையில் சருகு மூடாக்கு இட்டு மண்ணைக் காத்தல் அவசியம்.

அறியவேண்டியது

இச்செடியை நம் நாட்டில் கொணர்ந்து நடும்படி நாம் கூறவில்லை. இதன் குணம் இதன் மலைக்கும் குளிருக்கும் உரியது. ஆனால் மலைச்சரிவில் நிலமுடையோரும், புறம்போக்கைப் பாதுகாக்கும் கிராம அதிகாரிகளும் கருதவேண்டியது ஒன்றுண்டு. தீவனத்துக்கும் தானியத்துக்கும் உதவாதெனத் தோன்றும் சிறு செடியே சரிவின் மண்ணைத் தாங்கி நிற்றல் கூடும். அதனை ஒரு நாளிற் களைந்துவிடலாம். இழந்த மண்ணை மீட்கப் பல தலைமுறைகளும் போதா.