35 மில்லிமீட்டர் இறக்கம்

புனேயின் சாங்வி, முளா ஆற்றுக்கும் பவனா ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் ஊர். இங்கே வாங்கும் வண்டிக்கு எம்.எச். 14 என்று எண் விழும், பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆர்.டி.ஓ. கணக்கு. முளாவைத் தாண்டித் தெற்கே போனால் வேதாள் குன்றின்மேல் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது. 1966-இல் தொடங்கியது, புது மாடல் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகளில் ஒன்று. வடக்கே நாசிக் சாலையைப் பிடித்தால் சாக்கன்: 2009-இல் திறந்த ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை, ஷாக் அப்சார்பர் செய்யும் கேப்ரியேல், இன்னும் பல. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ‘லோயரிங் ஸ்பிரிங் ஒரு செட் வாங்கிவிட்டேன், ஒழுங்காக மாட்டித் தர எந்தக் கடை?’ என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர்காரர்கள் வாரண்டியைக் காட்டிப் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். வெளிக் கடைகளில் வரும் பதில் ‘ஹோ ஜாயேகா சாப்’. ஆகிவிடும்தான். எப்படி ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது; அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் இயற்பியல் போதும்.

காரைக் கீழே இறக்குவது வளைவில் பிடிமானத்துக்காக என்பார்கள். பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் அந்தப் பெரிய இடைவெளி மறைவதுதான். நம் சாலைகளை நினைத்து உயர்த்திக் கட்டிய வண்டிகளில் அது கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆசையில் குற்றமில்லை, கணக்கு தெரிந்திருந்தால்.

சாதாரணக் கார் தன் ஸ்பிரிங்குகளின்மேல் நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை முறை மேலும் கீழும் ஆடும்படி அமைந்திருக்கும். 1.2 முறை என்று வைத்துக்கொண்டால், வண்டியின் எடை மட்டுமே சக்கரத்தின் இடத்தில் ஸ்பிரிங்கை சுமார் 17 சென்டிமீட்டர் அமுக்கி வைத்திருக்கிறது என்று கணக்கு சொல்லும். சக்கரம் மேலே ஏற மிச்சமிருக்கும் தூரம் அதைவிட எவ்வளவோ குறைவு. 80 மில்லிமீட்டர் இருந்த வண்டியை 35 இறக்கினால் 45 மிஞ்சும். அதற்குள் அதே பள்ளத்தின் அடியைத் தாங்க வேண்டும். ஆகவே லோயரிங் ஸ்பிரிங் குட்டையாக இருந்தால் மட்டும் போதாது, கடினமாகவும் இருக்க வேண்டும். சுருள் ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறும்: 12 மில்லிமீட்டர் கம்பியை 12.6 ஆக்கினால் சுமார் 22 சதவீதம் கூடிவிடும். கண்ணால் பார்த்துத் தரம் சொல்ல முடியாத பொருள் இது. பெட்டியில் நம் மாடலின் பெயரும் பாகத்தின் எண்ணும் இல்லையென்றால் வாங்காமலிருப்பதே மேல்.

கடினம் கூடும்போது ஷாக் அப்சார்பரின் கட்டுப்பாடு தளர்கிறது. ஸ்பிரிங் 25 சதவீதம் கடினமானால், அதே ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்கும் திறன் கணக்குப்படி பத்து சதவீதத்துக்குமேல் குறையும். புதிதாக இருந்தால் சமாளிக்கும். தேய்ந்துபோனதோடு புது ஸ்பிரிங்கை ஜோடி சேர்த்தால் வண்டி குதிக்கும். பழி ஸ்பிரிங்கின்மேல் விழும்.

இதைவிடச் சுவையான ஒன்று உண்டு. பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது ஏர்ல் மெக்ஃபெர்சன் 1940-களில் வடிவமைத்த, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். வளைவில் வண்டி எந்தப் புள்ளியை வைத்துச் சாய்கிறது என்பதை, சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் ஆர்மின் சாய்வு தீர்மானிக்கிறது. வண்டியை இறக்கும்போது ஈர்ப்பு மையம் 35 மில்லிமீட்டர் இறங்கும். அந்தச் சாய்வுப் புள்ளியோ ஆர்மின் கோணம் மாறுவதால் அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடும். சாய்க்கும் நெம்புகோல் நீளும். அதாவது இறக்கியதால் மட்டும் கார் வளைவில் நிமிர்ந்து நிற்பதில்லை, தன் பங்குக்கு இன்னும் சாயவே பார்க்கும். அதை ஈடுகட்டுவது ஸ்பிரிங்கின் கடினம்தான். ‘ஸ்டாக் ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடலாம், செலவே இல்லை’ என்கிற கடைக்காரருக்கு இந்தக் கதை தெரியாது.

வெட்டுவதில் வேறு ஆபத்தும் உண்டு. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் கடினமாகும், உண்மைதான். ஆனால் ஸ்பிரிங்கின் நுனி அதைத் தாங்கும் கிண்ணத்தில் பொருந்தி உட்காரும்படி செய்யப்பட்டது. வெட்டிய நுனி எங்கோ முட்டிக்கொண்டு நிற்கும். பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கும், துருவிலிருந்து விரிசல் கிளம்பும். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது அதைவிட மோசம். எஃகின் பதமும், சிறு குண்டுகளை வாரியடித்து அதன் மேற்பரப்புக்கு ஏற்றிய உறுதியும் சேர்ந்தே போய்விடும்.

இனி சாலை. இந்திய சாலைக் காங்கிரஸின் 1988 வழிகாட்டி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும் என்றது. இரண்டரை மீட்டர் சக்கர இடைவெளியுள்ள கார் அதன்மேல் நிற்கும்போது, நடு வயிற்றை நோக்கி எழும்புவது 46 மில்லிமீட்டர்தான். எந்தக் காரும் தாண்டிவிடும். சந்துகளில் போட்டிருப்பது அந்த வேகத்தடையா? ஒரு மீட்டர்கூட அகலமில்லாத மேட்டில் முழு 10 சென்டிமீட்டரும் வயிற்றை நோக்கி வரும். 165 மில்லிமீட்டர் தரை இடைவெளியுள்ள காரில் 35 இறக்கத்துக்குப் போய்விட்டது. நாலு பேரும் சாமானுமாக 300 கிலோ ஏறினால் இன்னும் 40 போகும். மிஞ்சுவது 90. உரசும். லோனாவளாவுக்குக் குடும்பத்தோடு போகிறவரும் தனியாக ஹிஞ்சவடி ஆபீஸுக்குப் போகிறவரும் ஒரே அளவு இறக்க முடியாது.

கடைக்கு வருவோம். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது அபாயம் புது ஸ்பிரிங்கில் இல்லை, பழையதில் இருக்கிறது. நீளமான ஸ்டாக் ஸ்பிரிங் அமுக்கப்பட்ட நிலையில் உள்ளே அடைபட்டிருக்கிறது. மில்லிமீட்டருக்கு இரண்டரை கிலோ கேட்கும் ஸ்பிரிங்கை 20 சென்டிமீட்டர் அமுக்கினால் அதில் சேரும் ஆற்றல் 500 ஜூல். பத்து கிலோ அரிசி மூட்டையை ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். மேல் நட்டைக் கழற்றும் நொடியில் கம்ப்ரெஸர் நழுவினால் அது யார்மேல் பாயும் என்று சொல்ல முடியாது. தரையில் வைத்து இரண்டு கொக்கி போட்டுத் திருகுகிறார்களா, சுவரிலோ தாங்கியிலோ பொருத்திய கம்ப்ரெஸர் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். அந்த நட்டைத் திருப்பும்போது உள்தண்டு சுழலாமலிருக்க, பளபளக்கும் தண்டையே பிளையரால் கவ்வுகிறவர்கள் உண்டு. அதில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழியும், ஆயில் கசியும். சரியான வழி, தண்டின் தலையில் சாவி போட்டுப் பிடிப்பது.

ஆனால் கடையை எடைபோட ஒரே கேள்வி கேட்கலாம் என்றால் நான் கேட்பது இது: கீழ் ஆர்மின் புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவீர்கள்? அந்த ரப்பர் புஷ் சுழலும் பேரிங் அல்ல. உள்குழாய், ரப்பர், வெளிக்கூடு மூன்றும் ஒட்டியே இருக்கும்; ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுகிக்கொடுக்கிறது. எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அதுவே முறுக்கில்லாத நிலை. லிஃப்டில் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், 35 சென்டிமீட்டர் நீள ஆர்மில் வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் 19 டிகிரி வரை முறுகியே இருக்கும். சில மாதங்களில் கிழிந்து ‘டக் டக்’ என்று சத்தம் வரும். ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றுகிற மெக்கானிக் இந்த போல்ட்டைத் தொடவே வேண்டியதில்லை என்பதால் பலருக்கு இது நினைவுக்கே வராது. தொடாமல் விட்டாலும் 6 டிகிரி முறுக்கு தங்கிவிடும். வண்டியின் எடை சக்கரத்தின்மேல் இருக்கும்போது தளர்த்தி, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். இந்தப் பதிலைத் தயங்காமல் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்கலாம். தகரக் கூரைக் கடையாக இருந்தாலும் சரி.

மாட்டியதும் வண்டியைத் தூக்கி, தொங்கும் சக்கரத்தில் ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பார்க்கலாம். சுழன்றால் அது கிண்ணத்தில் பிடிப்பில்லாமல் இருக்கிறது. பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது இடம் மாறி உட்காரும். அப்படிப்பட்ட வண்டியை எடுத்துவர வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. ஆர்.சி.யில் தரை இடைவெளிக்கு ஒரு கட்டம் கிடையாது என்று வாதாடலாம்; விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயரிடம் அந்த வாதம் எத்தனை தூரம் போகும் என்பது வேறு. ஜெர்மனியில் இந்தக் குழப்பம் இல்லை: ஸ்பிரிங்கோடு பரிசோதனை அறிக்கை வரும், மாட்டியபின் பெரும்பாலும் டி.யூ.வி. போன்ற ஆய்வு நிலையத்தில் வண்டியைக் காட்டிப் பதிய வேண்டும். ஏ.ஆர்.ஏ.ஐ. குன்றின் நிழலில் இருந்துகொண்டு அப்படி ஒரு வசதி நமக்கு இல்லாதது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

ஹெட்லைட்டை யாரும் பார்ப்பதில்லை. பின்பக்கம் முன்பக்கத்தைவிட 10 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் ஒளி 50 மீட்டர் தள்ளி 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். எதிரே பைக்கில் வருகிறவரின் கண் கூசும். அலைன்மென்ட்டோ எல்லாருக்கும் தெரியும், ஆனால் மாட்டிய அன்றே ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடுவார்கள். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் படியும்; கேம்பர், டோ என்னும் சக்கரக் கோணங்கள் அப்போது மறுபடி நகர்ந்திருக்கும். இரண்டாவது அலைன்மென்ட்டுக்கான பணத்தையும் முதல் நாள் பில்லிலேயே எழுதுகிற கடை கிடைத்தால், ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.