குடலில் ஒரு பூட்டு

எலியின் குடலிலும் கல்லீரலிலும் மூளையிலும் உள்ள செல்கள் ஒரே மரபணுத் தொகுதியையே கொண்டுள்ளன. ஆயினும், அவை வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன. எந்தச் செல்லில் எந்த மரபணு செயற்படுகிறது என்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். மரபணுவிலுள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டுப் புரதமாக உருப்பெறுவதை 'மரபணு வெளிப்பாடு' என்பர். ஒரு மரபணு எங்கு வெளிப்படுகிறது என அறிவது, அதன் பணியை அறிவதற்கு முதற்படியாகும். இதற்குச் சான்று ஒன்றைக் காண்போம்.

ஈ. கோலை பாக்டீரியாவின் சில வகைகள், வெப்பத்தால் எளிதில் சிதையாத நச்சு ஒன்றைச் சுரக்கின்றன. மாசடைந்த நீரின் வழியே குடலை அடையும் இவை, குழந்தைகளின் உயிருக்கே ஊறு விளைவிக்கும் வயிற்றுப்போக்கை உண்டாக்குகின்றன. இந்நச்சு, குடற்செல்லின் சவ்விலுள்ள ஏற்பி ஒன்றோடு பிணைந்தே செயற்படுகிறது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் டேவிட் கார்பர்சும் அவர்தம் குழுவினரும், எலியின் சிறுகுடலிலிருந்து பெற்ற மரபணுப் படியைக் கொண்டு அந்த ஏற்பியை இனங்கண்டனர். அதன் பெயர் குவானைலில் சைக்ளேஸ் சி.

இப்புரதம் ஏற்பியாகவும் நொதியாகவும் விளங்குகிறது. செல்லுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதி நச்சைப் பற்றியதும், உள்ளிருக்கும் நொதிப்பகுதி ஜி.டி.பி. என்னும் மூலக்கூற்றைச் சுழல் ஜி.எம்.பி.யாக மாற்றுகிறது. அதன் அளவு மிகும்போது, குளோரைடு அயனிகள் குடலின் உட்புறத்திற்கு வெளியேறுகின்றன. சோடியம் உறிஞ்சப்படுவது குறைகிறது. அயனிகளைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது.

இம்மரபணு எங்கெல்லாம் வெளிப்படுகிறது? இதனை அறியப் பல உறுப்புகளின் திசுக்களிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பர். மரபணுவோடு பொருந்தும் டி.என்.ஏ. துண்டிற்குக் கதிரியக்க அடையாளமிட்டு அவற்றோடு சேர்ப்பர். உரிய தூது ஆர்.என்.ஏ. உள்ள இடத்தில் மட்டும் அத்துண்டு ஒட்டிக்கொள்ளும். இத்தகைய ஆய்வுகளில், வளர்ந்த எலியின் குடல் உட்படலத்தில் இம்மரபணு மிகுதியாக வெளிப்படுவது தெரியவந்தது. பிறந்த பருவத்து எலியின் கல்லீரலிலும் இந்த ஏற்பி காணப்பட்டது. வளர வளர அங்கு அது குறைந்துவிடுகிறது. மரபணு வெளிப்பாடு, இடத்தோடு காலத்தையும் சார்ந்தது என்பது இதனால் விளங்கும்.

பகைவனின் சாவிக்காக உடல் தானே ஒரு பூட்டை அமைத்துக்கொள்ளுமா? இவ்வினாவிற்கு 1992ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. 15 அமினோ அமிலங்களால் ஆன குவானைலின் என்னும் சிறு புரதக்கூறு, எலியின் சிறுகுடலிலேயே கண்டறியப்பட்டது. குடலின் நீர்ச் சமநிலையைப் பேண உடல் பயன்படுத்தும் சாவி இதுவே. பாக்டீரியாவின் நச்சு, இதனைப் போன்று வடிவம் கொண்ட கள்ளச்சாவியாகும்.

இந்த அறிவு மருத்துவத்திற்கும் பயன்பட்டது. அதே பூட்டை அளவாகத் திறக்கும் லினாக்ளோடைடு என்னும் மருந்து, நாள்பட்ட மலச்சிக்கலுக்காக 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோய் செய்யும் வழியை நுணுகி ஆராய்ந்தால், நோய் தீர்க்கும் வழியும் அங்கேயே புலப்படும்.