சேர்ந்து எடுக்காத படம்

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. இருவரும் போன பிறகு, அவர்களை ஒரே சட்டத்துக்குள் பார்க்க ஆசைப்பட்டு ஸ்டுடியோவுக்கு வருகிற பிள்ளைகள் எந்த ஊரிலும் உண்டு. கையில் அப்பாவின் பாஸ்போர்ட் அளவுப் படம்; அம்மா யார் வீட்டுக் கல்யாணத்திலோ பந்தியில் உட்கார்ந்திருக்கும் படம்.

இந்த ஆசை கம்ப்யூட்டருக்கு முந்தியது. தமிழக ஸ்டுடியோக்களில் 1880 தொடங்கி 1980 வரை எடுக்கப்பட்ட படங்களைத் தேடிச் சேர்த்து மின்வடிவில் பதிந்து வைக்கும் பணியைப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்தது. குடும்பங்கள் தங்களை எப்படிப் பார்க்க விரும்பின என்பதற்கு அவையே சாட்சி. நல்ல வேளையாக எல்லாம் கரையானுக்குப் போய்விடவில்லை.

தனித்தனிப் படங்களை ஒன்றாக்கும் ஒட்டுவேலை அந்தக் காலத்தில் பிளேடிலும் பசையிலும் நடந்தது. உருவத்தை ஓரம் பிசகாமல் அறுத்து இன்னொரு படத்தின் மேல் ஒட்டுவார்கள். ஒட்டிய கோட்டின் மேல் மெல்லிய தூரிகையால் சாம்பல் நிறம் பூசி, முழுவதையும் மறுபடி படம் பிடிப்பார்கள். புது நெகட்டிவில் ஒட்டு அடங்கிவிடும். 1857-இலேயே இங்கிலாந்தில் ரெய்லாண்டர் என்ற புகைப்படக் கலைஞர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படம் செய்திருந்தார்.

போட்டோஷாப் 1990-இல் வந்தது. ஆனால் படங்களை அடுக்கடுக்காக வைக்கும் ‘லேயர்’ வசதி 1994-இல்தான் சேர்ந்தது. அதுவரை திரையிலும் ஒட்டியது ஒட்டியதுதான்.

இன்று பின்னணியை அழிக்க வேண்டியதில்லை, மறைத்தால் போதும். அதற்குத்தான் ‘மாஸ்க்’. அதில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பாதி தெரியும். தவறாக மறைத்த காதை வெள்ளை பூசி மீட்கலாம். தோள், சேலை விளிம்புக்கு, கோடு வரைந்து வெட்டும் ‘பென் டூல்’ பொருந்தும், முடிக்குப் பொருந்தாது. நெற்றியோரத்து இழைகளைக் கத்தரித்தால் தலை அட்டையில் வெட்டியதுபோல் நிற்கும். அங்கே பொறுமைதான் கருவி.

விளிம்பைவிட அதிகம் காட்டிக்கொடுப்பது வெளிச்சம். அப்பா முகத்தில் இடப்பக்க வெயில், அம்மா முகத்தில் பிளாஷ் என்றால், எத்தனை நேர்த்தியாக வெட்டினாலும் இருவரும் ஒரே இடத்தில் நிற்க மாட்டார்கள். கழுத்தடியில் மெல்லிய நிழல் கொடுத்து, நிறத்தை ஒரே சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

கடைசியில் மென்பொருளால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி வரும்: அப்பா பக்கத்தில் நின்றால் அம்மா எவ்வளவு உயரம்? தோள் வரை என்பான் மகன். இல்லை, காது வரை என்பாள் மகள்.